ழகரத்தின் வால்

மார்ச் 3

தங்கைக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வாயைத் திறந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் என் மகள் காதில் விழும், அவள் இருப்பது உன் வீட்டில் என்பதால் உன் பக்க நியாயம் மட்டும்தான் விழும். அதனால் பேசவில்லை. பொறுமை கடலினும் பெரிது என்பார்கள். என் கடல் இந்தத் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வற்றிவிட்டது.

அன்றுதான் தேர்வுக்குழுவின் கட்டு வந்தது. உனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். ஒன்றாம் வகுப்பில் காலடி வைக்கும் பிள்ளைகளுக்கு எந்தெந்தப் படப் புத்தகங்களைக் கொடுக்கலாம் என்று ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். இந்த முறை முப்பத்தெட்டு வந்திருக்கின்றன. பன்னிரண்டு தேறும். தேறியவை அச்சாகி எல்லாப் பள்ளிக்கூடங்களின் ஒன்றாம் வகுப்பு அறைகளுக்கும் போகும். படத்தைப் பார்க்க ஒருவர், மொழியைப் பார்க்க ஒருவர். மொழிக்கு நான். எழுதியவர் பெயரின்மேல் சீட்டு ஒட்டியிருப்பார்கள். என் அறிக்கையில் நான் கையெழுத்துப் போடக் கூடாது. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது, தள்ளியவன் யாரென்று அவருக்குத் தெரியாது. அதுதான் விதி.

கட்டைப் பாடநூல் அலுவலகத்தில் என் அறையில் வைத்துப் பிரித்தேன். அறை மாறவில்லை. 'வாழ்த்துக்கள்' என்று எழுதுகிறவன் மேல்மாடியில் ஆசிரியர் குழுவின் தலைவர். 'வாழ்த்துகள்' என்று எழுதுகிற நான் இருபத்தாறு வருடமாக மாடிப்படிக்கு அடியில். ஆட்கள் ஏறி இறங்கும்போதெல்லாம் தலையில் மிதிப்பது போலவே இருக்கும். சரி, அதை விடு. முயல், யானை, நிலாவைத் தேடிப் போன பூனை என்று வழக்கமான கூட்டம். ஒருவர் முயலுக்கு நாலு காலையும் ஒழுங்காக வரைந்துவிட்டு எழுத்துக்குத் துணைக்காலை விட்டிருந்தார்.

பத்தொன்பதாவதாக வந்தது அது. சீட்டு ஒட்டி என்ன பயன்? முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வகுப்பில் ஜன்னலோரம் ஒரு சின்னப் பெண். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. அவள் "மலை வருது" என்கிறாள். வகுப்பே சிரிக்கிறது. மழை வரப்போகிறது என்று ஆசிரியை ஜன்னலைச் சாத்தப் போகிறார். பார்த்தால், தெருவில் ஒரு மலை நிஜமாகவே நடந்து வருகிறது. விளக்குக் கம்பங்கள் அதன் முழங்காலுக்கு இருக்கின்றன.

அது என் மகளின் வாய். அவளுக்கு ழகரம் வரவில்லை. பள்ளியில் சேர்த்த முதல் வாரம், உன் வகுப்பிலேயே, 'மழை வருது' என்பதற்கு 'மலை வருது' என்றாள். நாற்பது பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அவள் அழுததை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. அவள் தாயைப் பறிகொடுத்து மூன்று வருடம்கூட ஆகாத நேரம். எல்லோரும் எப்போது மறப்பார்கள் என்று காத்திருக்க வேண்டிய ஒன்றுக்கு நீ வண்ணம் தீட்டி அட்டை போட்டாய். என் பிள்ளையின் நாக்கை ஊர் பார்க்க விரித்து வைக்காதே என்று அப்போதே சொன்னேன். கேட்காமல் அந்த வருடத் தேர்வுக்கு அனுப்பினாய். நல்லவேளையாக யாரோ ஒரு மதிப்பீட்டாளர் தகுந்த காரணம் சொல்லித் தள்ளினார். அதோடு தொலைந்தது என்று இருந்தேன்.

பிறகு பிள்ளையையே எடுத்துக்கொண்டாய். நீ மாற்றலாகிப் போன ஊருக்கு விடுமுறைக்கு என்று வந்த பதின்மூன்று வயதுப் பெண்ணை, இங்கேயே படிக்கட்டும் என்று வைத்துக்கொண்டாய். இப்போது அவள் நாக்கை மறுபடியும் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறாய்.

ஏப்ரல் இருபதுக்குள் என் அறிக்கை போக வேண்டும். அதற்குள் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள். இல்லாவிட்டால் நான் என் வேலையைச் செய்வேன். என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும்.

உனக்கு இப்படி எழுதுவதே விதிமீறல். எழுதவைத்தவள் நீ.

உன் அண்ணன்,
முதுகலை (மொழி), தலைமை மெய்ப்புத் திருத்துநர்


மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. 'அன்புள்ள' விடுபட்டிருந்தது. அச்சுப்பிழை என்று எடுத்துக்கொண்டேன். கூடப் பிறந்தவளுக்கு எழுதும்போது படித்த படிப்பையும் பார்க்கும் வேலையையும் அடியில் போடுகிற ஆள் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய்.

உறையை முதலில் பார்த்தது கடுகுதான். (ஆமாம், இன்னும் கடுகு என்றுதான் கூப்பிடுகிறேன். சிறுத்தாலும் காரம் போகாது என்று அன்றைக்கு வைத்த பெயர். இப்போது என் தலை அவள் தோளுக்குத்தான் இருக்கிறது. காரம் போகவில்லை.) "அப்பாவா? என்னவாம்?" என்றாள். நலமாம் என்றேன். உறையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நலம்னு சொல்றதுக்கு இத்தன பேப்பரா" என்று போய்விட்டாள். நான் அவளிடம் காட்டவில்லை.

புத்தகத்தைத் திரும்பப் பெற மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. போனில் சொன்னால் இரண்டாவது நிமிஷம் உன் குரல் உயரும், மூன்றாவது நிமிஷம் என்னுடையது. கடிதத்தில் நீ என்னை வெட்டிப் பேச முடியாது, அடிக்கோடு மட்டும்தான் போட முடியும்.

நீ முப்பத்தெட்டுப் புத்தகங்களை மேசையில் வைத்துப் பார்க்கிறாய். நான் அப்படிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் பக்கம் படத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து எட்டித் தலைகீழாக எழுத்தைப் படிக்கிற வேலை என்னுடையது. இருபது வருடமாகத் தலைகீழாகப் படித்துப் படித்து, நேராகப் படித்தால்தான் இப்போது தடுமாறுகிறது. முதல் வாரம் வருகிற பிள்ளைக்கு எழுத்து என்பது எறும்பு வரிசை. அது படத்தைத்தான் படிக்கும். ஒரு புத்தகத்தில் எட்டுப் பக்கம் போவதற்குள் யாராவது ஒரு பிள்ளை எழுந்து வந்து படத்தைத் தொட வேண்டும். யாரும் தொடவில்லையென்றால் அது எவ்வளவு சுத்தமான மொழியில் இருந்தாலும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். மூலையெல்லாம் மழுங்கி, நடுத்தையல் பிரிந்து, நான் நாலு தடவை ஒட்டின புத்தகங்கள்தான் கீழ்த்தட்டில் இருக்கின்றன. கீழ்த்தட்டுக்கு வரும் தகுதி எதற்கு என்று பார்ப்பதுதான் எனக்குத் தேர்வு.

அவள் அழுததை நீ பார்த்தாய், நான் பார்க்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படங்களை நான் வகுப்பில் காட்டிய அன்று நடந்ததை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. சிரித்த பிள்ளைகள்தான் முதலில் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். மலை வருகிறதா என்று பார்க்க. அடுத்த மழைக்கு நாற்பது பேரும் ஒரே குரலில் "மலை வருது, மலை வருது" என்று கத்தினார்கள். உன் மகள் நடுவில் நின்றுகொண்டு, வரவேற்கப் போகிறவள் மாதிரி பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சிரிக்கவில்லை.

இந்த வருடம் சேரப் போகிறவர்களில் ஒரு பெண் குழந்தை. பெயர் கேட்டால் அம்மாவின் சேலைக்குள் போய்விடுகிறது. பதிவு எழுதுகிறவர் "பேசுமா?" என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வீட்டுல நல்லா பேசுங்க" என்றாள். அந்தக் குழந்தைக்கு எதைக் காட்டலாம் என்று அலமாரியைப் பார்த்தேன். காட்ட வேண்டியது அங்கே இல்லை. உன் மேசையில் இருக்கிறது.

அன்புடன்,
தங்கை (படிப்பு, பதவி எல்லாம் உனக்கே தெரியும்)


மார்ச் 16

தங்கைக்கு,

உன் கேலி குறையவில்லை. மகிழ்ச்சி.

நீ பெருமையாக எழுதியிருப்பதை மறுபடி ஒருமுறை, நேராகவே, படித்துப் பார். ஒரு பிள்ளைக்கு இருந்த பிழையை நாற்பது பிள்ளைகளுக்குப் பரப்பியிருக்கிறாய். அதற்குப் பெயர் ஆறுதலா? இப்போது அதை அச்சடித்து எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பு என்கிறாய்.

எழுத்து எறும்பு வரிசையாகத் தெரியும் வயதில்தான் எறும்புகளை ஒழுங்காக வைக்க வேண்டும். நான் பார்ப்பது அதைத்தான். துணைக்கால் ரகரம் போலத் தெரிகிறதா, கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் உடைந்து கிடக்கிறதா, ஒரு பக்கத்தில் பத்துச் சொல்லுக்கு மேல் இருக்கிறதா. இதையெல்லாம் பார்க்க ஓர் ஆள் இருந்ததாக எந்தப் பிள்ளைக்கும் தெரியப் போவதில்லை. புத்தகத்தில் வரைந்தவர் பெயர் இருக்கும், தைத்த நிறுவனத்தின் பெயர்கூட இருக்கும். திருத்தியவன் பெயரை எங்காவது பார்த்திருக்கிறாயா? பிழை இருந்தால் மட்டும் என்னைத் தேடுவார்கள். 'மலை வருது' என்று எழுத்துப் பிழையைத் தலைப்பிலேயே வைத்த நூலைக் கொடுப்பது, நடக்கத் தொடங்கும் பிள்ளைக்கு வழுக்கும் தரையைக் காட்டுவது. இதில் என் சொந்தக் கோபம் எதுவும் இல்லை.

அவளுக்காக நான் ஒன்றும் செய்யவில்லை என்ற பாணியில் எழுதியிருக்கிறாய். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் அவளை ஜன்னலருகில் நிறுத்தி, நாக்கை மடித்து மேலே தொடச் சொல்லி, 'மழை' என்று இருபது தடவை சொல்லவைத்தவன் நான். தட்டில் சோறு ஆறிப்போகும். எனக்கும்தான் ஆறிப்போகும். நானும் சாப்பிடாமல் நிற்பேன். அவளை யாரும் மறுபடி பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக. எட்டு மாதத்தில் வந்துவிட்டது. சுத்தமான ழகரம். அது யார் கொடுத்தது?

அதற்குக் கைம்மாறு என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தால், பதினைந்து வயதுப் பெண், அப்பாவிடம் 'ம்' என்கிறாள். சாப்பிட்டாயா? ம். படிக்கிறாயா? ம். ஒரே ஒரு மெய்யெழுத்து. அதில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியாது. உன் வீட்டுக்கு வருவதற்கு முன் அவள் அப்படி இல்லை.

என்ன சொல்லி அவளை அங்கே இருத்திக்கொண்டாய் என்று இரண்டு வருடமாகக் கேட்க நினைக்கிறேன். இப்போது கேட்கிறேன். என்ன சொன்னாய்?

புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்.

உன் அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

உன் கடிதத்தில் ஒரு வாக்கியத்தை நான் இதற்கு முன்னால் படித்திருக்கிறேன். 'நடக்கத் தொடங்கும் பிள்ளைக்கு வழுக்கும் தரையைக் காட்டுவது.' ஒன்பது வருடத்துக்கு முன்னால், தள்ளிவிட்ட புத்தகத்தோடு, காரணத்தின் நகல் ஒன்றையும் வைத்து அனுப்பினார்களே, அதில்.

எனக்கு அப்போதே தெரியும். வாக்கியத்தை வைத்துக்கூட இல்லை. அது கையால் எழுதின அறிக்கை. ழகரத்தின் வாலை முந்தின எழுத்துக்கு அடிவரைக்கும் கொண்டுபோய், பூனை சுருட்டிக்கொள்வது போலச் சுருட்டுகிறவன் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். அதற்காகவே பள்ளியில் உனக்கு மதிப்பெண் குறைத்தார்கள். அப்பா எத்தனை தடவை சொல்லியும் நீ மாற்றிக்கொள்ளவில்லை. 'வழுக்கும்' என்ற சொல்லில் அந்த வாலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகுதான் அந்த வாக்கியத்தின் மற்றச் சொற்களையும் படித்தேன்.

நான் கேட்கவில்லை. 'யாரோ ஒரு மதிப்பீட்டாளர்' என்று நீ சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டினேன். உனக்கு மனைவி போய்விட்டாள், கையில் சின்னப் பிள்ளை. இதையும் சொல்லி உன்னை நிறுத்திவைக்க வேண்டுமா என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. அறிக்கையைக் கிழித்துப் போடாமல் அலமாரியில் வைத்திருந்தது அதைவிடப் பெரிய தப்பு.

என்ன சொல்லி இருத்திக்கொண்டேன் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் சொல்லவில்லை. அந்த விடுமுறையில் அவள் வண்ணப் பென்சில் தேடி அலமாரியைக் குடைந்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தபோது தரையில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். உன் மகள்தானே, அவளுக்கு வாலைத் தெரியாதா? மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள். மூன்று வாரம் கழித்து, ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில், பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, "அத்தை, நான் இங்கயே படிக்கட்டுமா?" என்றாள். ஏன் என்றேன்.

"அங்க நான் பேசினா அப்பா என்ன சொல்றேன்னு கேக்க மாட்டாரு. எப்படிச் சொல்றேன்னுதான் கேப்பாரு."

இதைத்தான் இரண்டு வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். பிள்ளையை நான் எடுத்துக்கொள்ளவில்லை அண்ணா. உன் ழகரம்தான் கொண்டுவந்து விட்டது.

இன்னும் ஒன்று. அந்தப் புத்தகம் என்னுடையது என்று நீ அன்றும் நினைத்தாய், இன்றும் நினைக்கிறாய். பின்னட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைத் தூக்கிப் பார். விதிமீறல்தான். எனக்குக் கடிதம் எழுதினவனுக்கு அது பெரிய விஷயமில்லை.

இந்த முறை அதை அனுப்பலாம் என்று சொன்னது நான் இல்லை. அவள். இப்பவும் அப்பாகிட்டதான் போகும் என்றேன். "போகட்டும். அவரே படிக்கட்டும்" என்றாள். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறாள்.

நீ அதைத் தேர்வு செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உன் தங்கை வரைந்ததை நீ தள்ளுவதும் தப்பு, ஏற்பதும் தப்பு. எனக்கு இதில் பங்கு இருக்கிறது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். விதியைப் பற்றி மூன்று பக்கம் எழுதுகிற உனக்கு அது மட்டும் தோன்றவில்லை.

தங்கை


மார்ச் 30

தங்கைக்கு,

தேநீர்க் கெட்டிலின் ஆவியில் காட்டிச் சீட்டைப் பிரித்தேன். கிழியவில்லை.

அடியில் பென்சிலால் இரண்டு வரி. பெரிய பெரிய எழுத்து, வரி மேலே ஏறிப் போகிறது. 'கதை சொன்னது நான்.' அதன் பக்கத்தில் அவள் முழுப் பெயர், நான் தேடித் தேடி வைத்த பெயர், நடு எழுத்துத் தலைகீழாக. இரண்டாவது வரி, 'படம் போட்டது அத்தை.'

புத்தகத்தின் மற்ற எல்லா வரியையும் நான் இரண்டு முறை படித்திருக்கிறேன், ஒன்பது வருடத்துக்கு முன்னாலும் இப்போதும். சீட்டுக்கு அடியில் உன் பெயர் இருக்கும் என்று எண்ணினேன். பார்க்கவே தேவையில்லை என்று எண்ணினேன்.

கடைசிப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். மலை பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே நுழைய முடியாமல் வெளியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. 'மலை வந்தது. அதன் பின்னாலேயே மழையும் வந்தது.' ஆறு வயதில் அவள் சொன்னதா இது? அந்த வாக்கியத்தில் ழகரம் சரியாக இருக்கிறது. அதை அன்று நான் கவனிக்கவில்லை. தலைப்போடு நிறுத்திக்கொண்டேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். அவளை எடுக்கச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 7

அண்ணா,

அன்றைக்கு நடந்ததை நீ எப்படிப் புரிந்துகொண்டாய் என்று தெரியவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருந்தால், இல்லை. அவள்தான் வைத்தாள்.

போன் அடிக்கும் முன்பே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அறைக்குள் போய்விட்டேன், ஆனால் கதவைச் சாத்தவில்லை. நீ ஏதோ கேட்டாய். அவள் 'ம்' என்று சொல்லவில்லை. கவனித்தாயா? இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் சொன்னாள்.

"இங்க மலை கொட்டுதுப்பா."

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. அவளுக்கு ழகரம் நன்றாக வருகிறது, அது நீ கொடுத்தது, நான் மறுக்கவே மாட்டேன். அவள் வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாள். உனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தாள் அண்ணா.

நீ "மழை" என்றாய். ஒரு நொடிகூட ஆகவில்லை. எனக்குக் கேட்கவில்லை, அவள்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டு வந்து, "திருத்திட்டாரு" என்றாள். அழவில்லை. போய்ப் பாத்திரம் துலக்கினாள். எல்லாப் பாத்திரத்தையும், துலக்கியிருந்ததையும் சேர்த்து.

உன்னைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு பாவமாக இருக்கிறது. ரயில் ஓட்டுகிறவர் வீட்டில் தூங்கும்போதும் கால் பிரேக்கைத் தேடுமாம். உன் நாக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஆனால் அதை அவளிடம் நான் சொல்ல முடியாது. நீதான் சொல்ல வேண்டும்.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள தங்கைக்கு,

லைன் கட்டாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டு தடவை மறுபடி அடித்துப் பார்த்தேன்.

முதலில் அலுவல் விஷயம். புத்தகத்தைத் தேர்வுக்குழுவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன், சீட்டை இருந்தபடியே ஒட்டி. கூடவே ஒரு கடிதம். இதன் கதை என் மகளுடையது, படங்கள் என் தங்கையுடையவை, இதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஒன்பது வருடத்துக்கு முன்னாலும் இருக்கவில்லை, அன்றைய அறிக்கையை எழுதியவன் நான்தான், அதைக் கணக்கில் கொள்ளாமல் வேறொருவரிடம் கொடுங்கள் என்று எழுதினேன். முழுப் பெயரோடு, படிப்போடு, பதவியோடு கையெழுத்துப் போட்டேன். மற்ற முப்பத்தேழுக்கும் அறிக்கை தந்துவிட்டேன். புதிய ஆள் இதைத் தேர்வு செய்யலாம், தள்ளவும் தள்ளலாம். அது எனக்குத் தெரியவே போவதில்லை, பட்டியல் வரும்வரை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மேல்மாடியிலிருந்து அழைத்தார்கள். 'வாழ்த்துக்கள்' ஆசாமிதான். என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன சார் இது, இதுல எல்லாம் நீங்க கையெழுத்து போடக் கூடாதுல்ல?" என்றார். போடாமல் இருந்ததுதான் சார் தப்பு என்றேன். அவருக்குப் புரியவில்லை. இனிமேல் எனக்குக் கட்டு வராது என்பதை மட்டும் நாசூக்காகச் சொன்னார். படி இறங்கி வரும்போது, வழக்கம்போல அவர்மேல் கோபப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருந்தது, நிறையவே இருந்தது. அதை எடுக்கக் கை வரவில்லை.

இனி எழுதுவது அவளுக்கு. உன் கடிதத்துக்குள் வைத்துச் சொல்கிறேன். தனியாக எழுதினால் அவள் பிரிக்காமல் வைத்துவிடுவாளோ என்று பயம்.

அந்த எட்டு மாதத்தில் ஒரு மாலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஜன்னலருகில் நின்றாள், நாக்கை மடித்தாள், 'மழை' என்றாள். வந்துவிட்டது. முதல் தடவையாக, முழுதாக. அவளுக்கே தெரிந்தது. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஒரு வாரமாக யோசித்து, நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. "இன்னொரு முறை" என்றேன்.

அவளைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் செய்தேன். அது பொய்யில்லை. ஆனால் சிரித்த நாற்பது பேரும் ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாதவன் நான் ஒருவன்தான். நான் சிரிக்கவில்லை, திருத்தினேன். ஒரு பிள்ளைக்கு அந்த இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் தெரிந்திருக்கும்?

போனில் அவள் சொன்னதை மறுபடி கேட்கிறேன், இந்தத் தடவை என்ன சொன்னாள் என்று. என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நாக்கு முந்திக்கொண்டது. இனி முந்தாது என்று சத்தியம் செய்ய மாட்டேன், இருபத்தாறு வருடப் பழக்கம். முந்தினால், "அப்பா, என்ன சொன்னேன்னு கேளுங்க" என்று அவள் அதட்டட்டும். அந்த அதட்டலுக்கு நான் கட்டுப்படுவேன்.

இதை அவளிடம் கொடு. நான் திருப்பிப் படிக்கவில்லை. எழுதியதை மறுபடி பார்க்காமல் உறையில் போடுவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பிழை இருக்கும். அவள் கையில் பென்சில் எடுத்துத் திருத்தினால் எனக்குச் சந்தோஷம். கீழே ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறேன். எழுதியது யாரென்று அவளுக்குத் தெரியும், வால் காட்டிக்கொடுக்கும். நான் அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவளே அங்கே எழுதிக்கொள்ளட்டும். எழுதத் தோன்றாவிட்டால் அப்படியே கிடக்கட்டும், நான் கேட்க மாட்டேன்.

பேசாத அந்தக் குழந்தை பள்ளிக்கு வந்ததும் எழுது. அலமாரியில் புத்தகம் இல்லாவிட்டால் என்ன, கதை சொன்னவள் உன் வீட்டில்தானே இருக்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. தெரு விளக்குகள் முழங்கால் உயரத்துக்குத் தெரிகின்றன. மலை வருது. அது வந்து சேர்வதற்குள் தெருமுனைத் தபால் பெட்டிக்குப் போக வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போடாமல் இருக்க ஒரு விதி இருந்தது, அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். இந்தத் தடவை எந்த விதியும் இல்லை. இருந்தாலும் இதைக் கையெழுத்துப் போடாமலே பெட்டியில் போடுகிறேன்.